உதடு ஒட்டாத சொல்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தாமு க்ளைமாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தான், இயக்குநர் நிவாஸ் வராந்தாவில் தயாரிப்பாளரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், தனஞ்செயன் மட்டும் டப்பிங் அறைக்குள் மைக்குக்கு முன்னால் தனியாக நின்றார். தனியாக என்று சொல்வதும் சரியில்லை. எதிரே திரையில் கொலைகாரன் வாயை அரைகுறையாகத் திறந்தபடி நின்றுபோயிருந்தான். மழித்த முகம், கண்ணுக்கு மை, கழுத்தில் பூப்போட்ட பட்டுத்துணி. பம்பாய் நடிகன். படப்பிடிப்பில் இந்தியிலேயே பேசிவிட்டு விமானம் ஏறிவிட்டான், இனி அந்த வாய்க்குள் தமிழை ஊட்டுவது தனஞ்செயனின் பாடு. எத்தனை வாய்க்கு ஊட்டியாகிவிட்டது, எத்தனை இன்ஸ்பெக்டர், எத்தனை மந்திரி, எத்தனை அடியாள், எவன் வாயும் இப்படித் தொண்டையில் முள்ளாக நின்றதில்லை. இந்த நடிகனிடம் ஒரு கெட்ட பழக்கம். வசனம் முடிந்த பிறகும் வாய் ஒரு தடவை சும்மா அசையும். எழுதிக் கொடுத்த தமிழ் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அப்படியே விட்டால் தியேட்டரில் பல்லிளிக்கும், அந்த இடத்தை உதடு ஒட்டாத சொல் ஒன்றைப் போட்டு அடைக்க வேண்டும், ப ஆகாது, ம ஆகாது, வ-வும் ஆகாது. நேற்று சாயங்காலம் களைப்பு, காலையிலிருந்து நின்ற கால், நிவாஸ் வேறு அண்ணே கொஞ்சம் அப்படி வேணும்ணே, அப்படி, புரியுதுல்ல என்று மணிக்கட்டை ஒடித்து ஒடித்துக் காட்டிக்கொண்டே இருந்தான், தனஞ்செயன் யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகவே ஒன்றை எடுத்துப் போட்டது. நான் யாரையும் துடிக்க விட்டதில்ல, கேட்டியா. சொல் மட்டும் வந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அதற்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பும், கடைசி எழுத்தில் குரல் தணிந்து குழைகிற அந்தக் குழைவும் சேர்ந்தே வந்துவிட்டன. கண்ணாடிக்கு அப்பால் நிவாஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். அண்ணே, இதாண்ணே, இதத்தான் ரெண்டு நாளா கேட்டுட்டிருக்கேன், எல்லாத்துலயும் இதையே போட்டுருங்க. போட்டார். கொலைகாரன் வாய் அசைந்த இடத்தில் எல்லாம் போட்டார், போட்டுவிட்டு ஒரு டீயும் குடித்தார். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட, உள்ளேயிருந்து, கூடவே குடியிருக்கும் ஜெபசிங், கதவு தொறந்துதான் கெடக்கு, கேட்டியா என்று சொன்னபோதுதான், யாருடைய சொல்லை எடுத்து யார் வாயில் வைத்துவிட்டு வந்தோம் என்பதே உறைத்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு அது, அங்கே ஊர் முழுக்கச் சொல்கிற சொல்தான், ஆனால் அந்த மூக்குச் சிரிப்பு ஊருடையது இல்லை, ஜெபசிங்குடையது. போரூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒவ்வொரு சமன்பாட்டையும் போர்டில் எழுதி முடித்துத் திரும்பி, மூக்கால் சிரித்து, கேட்டியா என்பான். பையன்கள் போர்டுக்கு இந்தப் பக்கம் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பெயர் என்று தனஞ்செயன் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை, ஒருநாள் சட்டை முதுகில் சாக்பீஸால் எதையோ எழுதி அனுப்பியிருந்தார்கள், அதைத் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டே சின்னப் பயலுவ, போகட்டும் என்றான். சின்னப் பயல்கள்தான். நாளைக்கு ட்ரெய்லர் வருகிறது. ட்ரெய்லரில் கடைசியாக இருட்டு, இருட்டுக்குள் கத்தி ஒரு மின்னல், பிறகு வெறும் குரல், மூக்குச் சிரிப்போடு கேட்டியா. தாமுவே காலையில் பெருமையாகச் சொன்னான், அண்ணே ட்ரெய்லரே உங்க வார்த்தையிலதான் முடியுது. என் வார்த்தை. என் வார்த்தையாம். நாளை ராத்திரிக்குள் அது பத்தாம் வகுப்புப் பயல்களின் போனில் எல்லாம் இருக்கும். அடுத்த நாள் ஜெபசிங் போர்டிலிருந்து திரும்பி வாயைத் திறப்பதற்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது சொல்லுவான், வகுப்பே சொல்லும், அப்புறம் வராந்தா சொல்லும், அப்புறம் வீட்டில் எந்தப் பயலாவது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எங்க சார் அச்சு அசல் அந்தப் படத்துல வர்றவன் மாதிரிம்மா என்பான், அம்மா அப்பாவைப் பார்ப்பாள், அப்பா தாளாளருக்குப் போன் போடுவார். கல்யாணம் ஆகாத வாத்தியாரா, யாரோடு இருக்கிறார், எங்கே இருக்கிறார். வீட்டுக்காரருக்கு அவர்கள் வாடகை மிச்சம் பிடிக்கிற இரண்டு பிரம்மச்சாரிகள். அந்தப் பொய் இத்தனை வருஷம் ஓட்டை இல்லாமல் ஓடியிருக்கிறது, தனஞ்செயன் அதை உள்ளேயிருந்தே ஒரு சொல்லால் குத்திவிட்டார். இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை வேறு. தனஞ்செயன் குரல் கொடுத்த எந்தப் படமானாலும் முதல் ஞாயிறு மாட்டினிக்கு ஜெபசிங் வந்துவிடுவான், படத்தைப் பார்க்க மாட்டான், கண்ணை மூடி உட்கார்ந்து குரலுக்காகக் காத்திருப்பான், ஒற்றை வரி கான்ஸ்டபிளாக இருந்தாலும் பிடித்துவிடுவான், பிடித்ததும் இருட்டில் தனஞ்செயனின் விரலை ஒரு அழுத்து அழுத்துவான். இந்தத் தடவை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனுக்குத் தன்னுடைய குரலே கேட்கும், சுற்றிலும் தியேட்டர் சிரிக்கும். விரலை அழுத்துவானா? என்ன செய்வான்? தனஞ்செயன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

திரையில் அந்தப் பட்டுத்துணி. இதே பட்டு, இதே பளபளப்பு, பள்ளி வயதில் திண்டுக்கல் தியேட்டர்த் திரையில் ஒருத்தன் சட்டையாகப் போட்டிருந்தான். பெயர் மறந்துபோன ஒரு துப்பறியும் படம், மாமாவோடும் மாமா பையன்களோடும் பெஞ்ச் டிக்கெட். கொலைகாரன் யார் என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, பளபளச் சட்டைக்காரன் வந்து இன்ஸ்பெக்டர் தோளில் கையை வைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்காமல் இருந்ததும் தெரிந்துவிட்டது. இவன்தாண்டா என்று எங்கிருந்தோ ஒரு குரல். விசில். இன்ஸ்பெக்டர் விட்ட அறையில் தியேட்டரே எழுந்து நின்றது. தனஞ்செயனும் எழுந்து நின்றான், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ஏனென்றால் அந்தக் கை தோளில் இருந்த அந்தக் கூடுதல் நேரம் எப்படிப்பட்டது என்று அந்தப் பையனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ரகோத்தமன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ட்யூஷனுக்குப் போகிறபோதெல்லாம் தெரியும். அது நல்ல விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். கொலைகாரர்களுக்குத்தான் அப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே வந்து சோடா குடிக்கும்போது மாமா விளையாட்டாகத்தான் சொன்னார், இவன் குரலும் அப்படித்தான்டா இருக்கு, பாத்து வளத்துக்கங்க. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையிலிருந்து குளியலறையில் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேச ஆரம்பித்தான் பையன். தண்ணீர் பாதி இருக்கும்போது பேசினால் குரல் அடியிலிருந்து எழும்பித் திரும்பி வரும், அந்தத் திரும்பி வருகிற குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்து வைத்துக்கொண்டான். கொஞ்ச நாள் தொண்டை புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அதுதான் குரல். சென்னைக்கு வந்தபோது முதல் வாய்ப்புக் கொடுத்தவர் என்ன கணீர்னு ஆம்பளக் குரலுய்யா என்றார், அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் தனஞ்செயன், மந்திரி வந்தால் தனஞ்செயன். பயத்தில் செய்த குரல் சோறு போட்டது, வாடகை கொடுத்தது, டப்பிங் யூனியன் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்தது. ஜெபசிங்கே அந்தக் குரலில் மயங்கித்தான் முதலில் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் பழக ஆரம்பித்து வெகுநாள் கழித்து, ஒரு கரண்ட் போன நேரத்தில், ஒனக்க சொந்தக் கொரலு எதுடே என்று கேட்டான். இதான் என்றார் தனஞ்செயன், அண்டாக் குரலில். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பினானா என்பது இன்றுவரை தெரியாது.

எடுத்துவிடலாம். போய்ச் சொன்னால் போதும், நிவாஸ், அந்தச் சொல் வேண்டாம். ஏண்ணே? இங்கேதான் வந்து வந்து இடிக்கிறது. ஏன் என்று கேட்பானே. நன்றாக இல்லை என்றால் சூப்பரா இருக்குண்ணே என்பான். இப்படிப்பட்டவர்களை எல்லாப் படத்திலும் கொலைகாரனாகவே காட்டுகிறோமே என்றால், உடனே அந்த முகத்தில் ஒரு சின்ன யோசனை ஓடும், கண் ஒரு நொடி மேலும் கீழும் போய் வரும். ஓ. தனஞ்செயன் அந்த நொடியை வேறொருவருக்கு நடக்கப் பார்த்திருக்கிறார். கமலி அக்கா, நல்ல குரல், எத்தனையோ கதாநாயகிகளுக்குப் பேசியவர். ஒரு க்ரைம் படத்தில் ஹாஸ்டலில் இரண்டு பெண்கள், ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிடுகிறாள், பேன் பார்க்கிறாள், ஒரே போர்வைக்குள் படுக்கிறார்கள், கடைசியில் ஒருத்தி மற்றவளின் கழுத்தை நெரிக்கிறாள், ஏனென்றால் அந்த மற்றவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். நெரிக்கிறவளுக்குப் பேசிவிட்டு வெளியே வந்த அக்கா, ஏங்க, ரெண்டு பேரும் நல்லா இருந்துட்டுப் போனா உங்க படம் ஓடாதா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் அக்கா டீ குடிக்க வந்தால் ஒரு மௌனம், அக்கா போனால் ஒரு சிரிப்பு. அதான் கல்யாணமே பண்ணிக்கலையா. அதான் எப்பவும் காட்டன் புடவையா. வலிக்கிறது என்று சொன்னால் உனக்கு ஏன் வலிக்கிறது என்பார்கள், அதற்கு மேல் பேச்சே கிடையாது. தனஞ்செயன் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றியதும் வராந்தாவில் நிவாஸ் கத்துவது கதவிடுக்கு வழியாகத் தெளிவாகக் கேட்டது. சார், லாரிக்காரங்க சங்கத்துல எதிர்ப்பு சொன்னதும் அந்த வசனத்தத் தூக்கிட்டேன் சார், லாரி டிரைவரைக் கேவலமா காட்டலை சார், ஒருத்தர் மனசும் நோகக் கூடாதுன்னுதானே பாத்துப் பாத்து எடுக்கிறோம். ஒருத்தர் மனசும். தனஞ்செயனுக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு யோசனையும் வந்தது. லாரிக்குச் சங்கம் இருக்கிறது. நாகர்கோவிலுக்கு ஊரே இருக்கிறது.

நிவாஸ் வேர்த்துக்கொண்டு உள்ளே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தான். மைக்கைத் தட்டினான். தனஞ்செயன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாரிண்ணே, லாரித் தலைவலி. போலாமா?"

"நிவாஸ், ஒரு நிமிஷம். அந்தக் கேட்டியா." அண்டாக் குரல்தான், கணீரென்றுதான் வந்தது. "அது கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்ணே. அதான் செமயா இருக்கு."

"அந்த மாவட்டமே அப்படித்தான் பேசும். கொலைகாரன் வாயில, அதுவும் இப்படிப்பட்ட ஒருத்தன் வாயில அதை வெச்சா, எங்க ஊரையே கேவலப்படுத்திட்டான்னு போஸ்டரக் கிழிக்கக் கிளம்பிருவாங்க."

இப்படிப்பட்ட ஒருத்தன். சொல்லும்போதே நாக்கில் சுட்டது. நிவாஸின் முகம் வெளுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"ஐயோ, ஆமாண்ணே. லாரியே இன்னும் ஓயல. தாமு, ட்ரெய்லர் மிக்ஸ் போயிருச்சா?"

"மத்தியானம்தான் அனுப்பணும்."

"தூக்கு. படத்துலயும் தூக்கிரு. ஊர்க்காரங்க விவகாரம் நமக்கு எதுக்கு? நல்லவேளை சொன்னீங்கண்ணே."

இவ்வளவுதானா. நேற்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தது, பக்கத்தில் ஜெபசிங் ஒறங்கலியா, வயிறு சரியில்லியா என்று கேட்டு ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது, காலையிலிருந்து இந்த ஏசிக் குளிரில் நின்றது, எல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டது. ஜெபசிங் பிழைத்தான். சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷம்தான், ஆனால் அதன் கூடவே நெஞ்சுக்குள் திகுதிகுவென்று ஒரு கோபம் ஏறியது. ஒரு மாவட்டத்துக்காக ஒரு நொடியில் தூக்குகிறான். நாகர்கோவிலில் இருக்கிற அத்தனை பேர் மனமும் நோகாமல் இருந்துவிடும், ஜெபசிங் மனம் உட்பட, நாகர்கோவில்காரன் என்கிற அளவில்.

"ஆனா அது இல்லாம சப்புன்னு ஆயிருமேண்ணே," என்றான் நிவாஸ். "வாய் அசையுற எடத்துல என்ன போடுவீங்க?"

"சரியா-ன்னு போடுறேன். உதடு ஒட்டாது."

"சரியாவா? ட்யூஷன் வாத்தியார் மாதிரில்ல இருக்கு." தாமு சிரித்தான். "சரி, அப்ப குரல்லயாவது ஏதாவது குடுங்கண்ணே, மொதல்லேருந்து எல்லாத்தையும் மாத்திக்கலாம். பாத்ததும் சிரிக்கணும், கொஞ்சம் அருவருக்கவும் செய்யணும். உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்குத் தெரியாததா. என்ன தெரியும் என்கிறான்? ஒன்றும் இல்லை, பேச்சுவாக்கில் சொல்வது, எல்லோரிடமும் சொல்வதுதான். தாமு திரையை ஓடவிட்டான். கொலைகாரன் முழங்காலிட்டிருக்கிறான், இன்ஸ்பெக்டரின் துப்பாக்கி நெற்றியில். என்னப் பாத்துச் சிரிச்சவங்களத்தான் கொன்னேன், அப்புறம் அந்த வெற்று வாயசைவு. யாருடைய குரலைக் கொடுப்பது? கடைத்தெருவில் பார்த்தவனுடையதையா, யாரோ ஒருவனுடையதை, எங்கேயோ கேட்டதை? அந்த யாரோ ஒருவனும் தியேட்டருக்கு வருவானே, அவனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க ஒருத்தன் இருப்பானே. இனி எவனுடையதையும் எடுப்பதில்லை என்று தனஞ்செயனுக்குப் பட்டது. அது முடிவா, களைப்பா, வீம்பா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தார். அண்டா வரவில்லை. அதற்கு முந்தியது வந்தது, சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ரகோத்தமன் காதருகே பேசிக்கொண்டே போன பையனின் குரல், மெல்லியது, கொஞ்சம் உயர்ந்தது, சொல்லின் நுனியில் நெளிவது. செத்துவிட்டது என்று நினைத்திருந்தார். ஒரு சேதாரமும் இல்லாமல் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது, வயதுகூட ஆகவில்லை. என்னப் பாத்துச் சிரிச்சவங்களத்தான் கொன்னேன், சரியா. ஹெட்போனில் தன் குரலே தனக்குக் கேட்க, தனஞ்செயனுக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை அறை இருட்டு.

தாமு மேஜையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நிவாஸுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணே! இத எங்கண்ணே வெச்சிருந்தீங்க இத்தன வருஷமா?"

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். தனஞ்செயன் படிக்கட்டில் இறங்கி நடுவளைவில் நின்றார். கீழே பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்கும் வாசனை. இனி அது படத்தில் இருக்கும், அழிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபசிங் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான், இந்தக் குரல் வரும், அவன் கேட்ட அதே சொந்தக் குரல், தனஞ்செயன் அவனிடம் இல்லவே இல்லை என்று சாதித்த குரல், அதை முதன்முதலாக அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் அவன் கேட்பான். அது மட்டும் கூடாது. மற்றது என்ன ஆனாலும் ஆகட்டும், அது கூடாது. பள்ளிக்கூடத்திலும் இப்போது சாப்பாட்டு நேரம்தான். போன் போட்டார். அவன் எடுத்ததும், தொண்டையைச் செருமிக்கொள்ளாமல், அதே குரலில், "ஜெபா" என்றார்.

"ஆரு?" என்றான் ஜெபசிங். பின்னால் பையன்களின் இரைச்சல். "ஆரு பேசுகது? இது தனஞ்செயனுக்க போனாச்சே. அவனுக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரியா?"

"ஒண்ணும் ஆகல. நான்தான்."

"ஆரு நான்?"

"நான்தான் ஜெபா. இதான் என் குரல். நீ அன்னிக்குக் கேட்டியே."

அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்துகொண்டே போனது, எங்கோ தள்ளி நடந்துபோகிறான். ஒரு கதவு சாத்தும் சத்தம். மேலே தாமு யாருக்கோ அந்த டேக்கை மறுபடி போட்டுக் காட்டுகிறான் போல, சரியா என்று படிக்கட்டு வழியாக அந்தக் குரல் வழிந்து வந்தது, பின்னாலேயே சிரிப்பு.

"அங்க ஆரு சிரிக்கா?" என்றான் ஜெபசிங்.

"படத்துக்குப் பேசிட்டேன் இந்தக் குரல்ல. அந்தக் கொலைகாரனுக்கு. தியேட்டர்லயும் சிரிப்பாங்க. அதுக்கு முன்னாடி நீ கேட்டுரணும்னுதான்."

ஒரு மூச்சு. அவன் அழுகிறானா என்று தனஞ்செயன் பயந்தார். "எங்கடே வச்சிருந்த," என்றான் மெதுவாக, "இத்தன வருஷமும்?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து தாமு எட்டிப் பார்த்தான். "அண்ணே, பிரியாணி ஆறுது! சாப்ட்டு அந்த சாவுற சீனோட லூப்பை முடிச்சிரலாம், வாங்க!"

அண்டா தன்னாலேயே தொண்டைக்கு வந்து நின்றது. தனஞ்செயன் அதை விழுங்கினார். போனைக் கையால் பொத்திக்கொள்ளவும் இல்லை. "இரு தாமு, வர்றேன்," என்றார், அந்த மெல்லிய குரலிலேயே.

"ஐயோ, அண்ணன் இன்னும் கேரக்டரை விட்டு வெளியவே வரல!" என்று தாமு உள்ளே பார்த்துக் கத்தினான். மேலே எல்லோரும் சிரித்தார்கள்.

போனில் ஜெபசிங் சிரிக்கவில்லை. "நீ பேசு," என்றான்.